திரையில் இல்லாதவர்கள்

கயிற்று ஏணியில் ஏறி மேலே வந்தபோதே ரெக்ஸ்லினுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஒரு திரையைச் சோதிக்க வந்த சர்வீஸ் எஞ்சினியரை வரவேற்கக் கேப்டனே கப்பல் விளிம்பில் வந்து நின்றுகொண்டிருந்தார்.

பதினோரு வருடமாக அவள் இந்த வேலையில் இருக்கிறாள். வழக்கமாக யாராவது ஒரு மாலுமி வந்து மேலே கூட்டிப்போவார். வேலை முடிந்து கையெழுத்து வாங்கும்போதுதான் கேப்டனின் முகமே தெரியும். இவரோ, அவள் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க மேடம். நான் வேதரத்தினம். அரை மணி நேர வேலைதான். திரை நல்லா இருக்குன்னு ஒரு சர்டிஃபிகேட் எழுதிக் குடுத்தாப் போதும்."

"பார்த்துட்டுத்தான் சார் எழுத முடியும்."

"பாருங்க, பாருங்க. நல்லாத்தான் இருக்கு. அதையே எழுதிடுங்க."

'பவளமாலை' என்ற அந்தக் கப்பல் இந்தோனேசியாவிலிருந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டு முந்தின நாள் இரவுதான் வந்திருந்தது. உள்ளே இடம் கிடைக்காததால் தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. காலை எட்டரை மணிக்கே வெயில் இரும்புத் தளத்தைச் சுட வைத்திருந்தது.

கப்பலை ஓட்டும் மேல்தள அறையில் மூன்று 'நிலைக்கண்' திரைகள் இருந்தன. ரெக்ஸ்லினின் கம்பெனி செய்து விற்பவை; ரேடார் பிடிக்கும் கப்பல், படகுகளையெல்லாம் காட்டும். நடுப்பகல் வெயில் நேராக அடித்தாலும் எழுத்து மங்காது. பின்னாலிருக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்கு மின்விசிறி கிடையாது, ஓட்டை கிடையாது; உப்புத் தண்ணீரை வாளியோடு கவிழ்த்தாலும், புயலில் கப்பல் நாள் கணக்கில் குலுங்கினாலும் நிற்காது. அவள் கையால் மட்டும் அறுபத்திரண்டு கப்பல்களில் இவற்றைப் பொருத்தியிருக்கிறாள். அவள் வீட்டு ஃப்ரிட்ஜ்கூட அவ்வளவு ஒழுங்காக ஓடியதில்லை.

ஒன்றரை மணி நேரம் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். ஒரு குறையும் இல்லை. சுற்றிலும் நங்கூரமிட்டிருந்த கப்பல்கள், தூரத்தில் போய்க்கொண்டிருந்த விசைப்படகுகள் எல்லாம் திரையில் சரியாகத் தெரிந்தன.

"நல்லாத்தானே இருக்கு? அப்ப எதுக்கு அவசரமா என்னைக் கூப்பிட்டீங்க?"

கேப்டன் கண்ணாடிக் கதவைக் காட்டினார். வெளியே, மேல்தளத்தின் பக்கவாட்டில், கட்டிய பையைக் காலடியில் வைத்துக்கொண்டு ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான்.

"மொகுதூம். என் செகண்ட் ஆபீசர். நேத்து சாயங்காலம் மூணே முக்காலுக்கு என் ரூமுக்கு ஓடி வந்து, கடல்ல ஒரு படகுல நாலு பேர் உதவி கேக்குறாங்கன்னு சொன்னான். நான் மேல வந்து பார்த்தேன். திரையில ஒண்ணும் இல்ல. ஜன்னல்ல பார்த்தேன், ஒரே மங்கல். பயணத்தைப் பதிவு பண்ணி வைக்கிற பதிவுப் பெட்டியைப் போட்டுப் பார்த்தேன், அதுலயும் இல்ல. ஏழு மாசமா லீவு இல்லாம ஓடுறான். மனசு கலங்கியிருக்கு. இன்னைக்குக் கரைக்குப் போற ஏஜென்ட் போட்டுல ஏத்தி டாக்டர்கிட்ட அனுப்புறேன். அதுக்கு உங்க சர்டிஃபிகேட் வேணும்."

அப்படியானால் விஷயம் சுலபம் என்று ரெக்ஸ்லின் நினைத்தாள். தூக்கமில்லாத மாலுமி, மங்கலான கடல். முன்பும் இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டிருக்கிறாள். இருந்தாலும் எழுதுவதற்கு முன் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வெளியே போனாள்.

மொகுதூம் எழுந்து நின்றான். காயல்பட்டினத்துக்காரன், முப்பது வயதுகூட இருக்காது. கண்கள் சிவந்திருந்தாலும் பேச்சு தெளிவாக இருந்தது.

"குடிப்பீங்களா?" என்று நேராகவே கேட்டாள்.

"இல்ல மேடம். தூக்க மாத்திரையும் போடுறதில்ல. அடுத்த கேள்வி அதுதானே? காலையில இருந்து எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க."

"என்ன பார்த்தீங்கன்னு சொல்லுங்க."

"கொடிக்கயிறு அவிழ்ந்து அடிச்சிட்டிருந்தது. அதைக் கட்டத்தான் வெளிய வந்தேன். இல்லைன்னா உள்ள திரை முன்னாடிதான் நின்னிருப்பேன். இடப்பக்கம் பளிச் பளிச்சுன்னு ஏதோ மின்னுச்சு. பைனாகுலர்ல பார்த்தேன். நீல ஃபைபர் வள்ளம். ஒருத்தர் சோத்துத் தட்டை வெயில்ல திருப்பித் திருப்பிக் காட்டுறார். ரெண்டு பேர் நிக்கிறாங்க. ஒருத்தர் படுத்திருக்கார்." அவன் நிறுத்தினான். "மனசு கலங்கினவனுக்கு ஒருத்தர் படுத்திருக்கிறதெல்லாமா மேடம் தெரியும்?"

"திரையைப் பார்த்தீங்களா?"

"உள்ள ஓடி வந்து அதைத்தான் முதல்ல பார்த்தேன். ஒண்ணும் இல்ல. திரும்ப வெளிய வந்தா வள்ளம் இருக்கு. திரும்ப உள்ள போனா இல்ல. ரெண்டு தடவை அப்படி ஓடினேன். அதுலயே நேரம் போயிருச்சு. அப்புறம் கேப்டனைக் கூப்பிடக் கீழ போய், அவர் மேல வர்றதுக்குள்ள மங்கல்ல மறைஞ்சிருச்சு."

"எனக்குத் தெரிஞ்சு இந்தத் திரை பொய் சொன்னதில்ல."

"அப்ப நான்தான் பொய் சொல்றேன்னு எழுதுங்க" என்றான் அவன். கோபமில்லாமல்தான் சொன்னான். அதனாலேயே அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

அவன் பேச்சில் ஓட்டை இல்லை. அப்படியானால் கேப்டனா? வரும்போதே வாசலில் நின்ற மனிதர். ஆபத்திலிருந்த படகைப் பார்த்தும் நிற்காமல் வந்துவிட்டு, பிறகு பதிவை அழித்திருக்கலாம். ரெக்ஸ்லின் உள்ளே போய்ப் பதிவுப் பெட்டியின் முத்திரையைச் சோதித்தாள். உடைபடவில்லை. ஒரு நொடிகூட விட்டுப்போகாமல் முந்தின நாள் முழுவதும் அதில் இருந்தது. கேப்டன் சொன்னது உண்மை. மூன்றே முக்காலுக்குத் திரை வெறுமையாகத்தான் இருந்திருக்கிறது. வலப்பக்கம் ஓர் எண்ணெய்க் கப்பல் மட்டும் கூடவே வந்துகொண்டிருந்தது.

கதவோரம் வந்து நின்ற மொகுதூம் கேட்டான். "மேடம், இந்தப் பெட்டி எதைப் பார்த்துப் பதிவு பண்ணுது?"

"திரையில வர்ற படத்தை."

"அப்ப திரை காட்டாததை இதுவும் பதிவு பண்ணாதுல்ல?"

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. சென்னையிலிருந்து அவளுடைய மேனேஜர் கௌரிசங்கர்.

"என்னம்மா, முடிஞ்சுதா?"

"திரையில குறை ஒண்ணும் தெரியல சார்."

"நல்லது. எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பு. அப்புறம் ரெக்ஸ்லின், மேல கொடிமரத்துல ரேடார் தலை இருக்குல்ல, அதுக்குள்ள ஒரு மெமரி கார்டு இருக்கும். அதைக் கழட்டிட்டு, உன் பைல இருக்கிற புதுசைப் போட்டுரு. பழசைத் திறந்து பார்க்க வேணாம். அப்படியே கூரியர்ல எனக்கு அனுப்பிரு."

"அது எதுக்கு சார்? இது வரைக்கும் அப்படிச் செஞ்சதில்லையே."

"புது ரூல்மா. செகண்ட் ஆபீசர் ஏதாவது சொன்னா பெருசா எடுத்துக்காதே. இந்த வருஷத்துல இது நாலாவது கேஸ்."

போனை வைத்த பிறகும் ரெக்ஸ்லின் அதே இடத்தில் நின்றாள். செகண்ட் ஆபீசரைப் பற்றி அவள் ஒன்றுமே சொல்லவில்லை. கேப்டன் வேண்டுமானால் ஆபீசில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மெமரி கார்டு? அவளுக்கே அது நினைவுக்கு வரவில்லை. மூன்று நாள் ரேடார் எதிரொலிகளை, திரைக்குப் போகும் முன்பே, கம்ப்யூட்டர் போடும் குறிப்புகளோடு அப்படியே பச்சையாகச் சேமித்து வைக்கும் சின்ன அட்டை அது. ரேடார் தலை பழுதானால் பார்ப்பதற்காக வைத்தது. அதைத் திறந்து பார்க்க வேண்டாம் என்று ஒருவர் வேலை மெனக்கெட்டுச் சொன்னால், பார்க்கத்தான் வேண்டும்.

கொடிமரத்தில் ஏறி அட்டையைக் கழற்றி வந்தாள். கப்பலின் வரைபட மேசையில் லேப்டாப்பை வைத்துத் திறந்தாள். மொகுதூம் அவள் தோளுக்குப் பின்னால் நின்றான். முந்தின நாள், மூன்று நாற்பத்தொன்று. இடப்பக்கம், ஒன்றேகால் மைலில், ஒரு மெல்லிய புள்ளி. மணிக்கு அரை மைல் வேகத்தில் நீரோட்டத்தோடு மிதந்துகொண்டிருந்தது. புள்ளியின் பக்கத்தில் கம்ப்யூட்டர் தானாகவே ஒரு குறிப்பு போட்டிருந்தது: 'காட்ட வேண்டாம்.'

மொகுதூம் குனிந்து அந்த நேரத்தை இன்னொரு தடவை படித்தான்.

"கேப்டனைக் கூப்பிடுங்க" என்றாள் ரெக்ஸ்லின்.

வேதரத்தினம் வந்து பார்த்தார். பார்த்துவிட்டு முதலில் செய்த காரியம், கதவைச் சாத்தியது.

"இது எப்படி? மீன்பிடிப் படகெல்லாம் நேத்து வழி நெடுகக் காட்டுச்சே."

"எஞ்சின் ஓடுற படகைக் காட்டும் சார். அது நம்ம மேல மோதலாம், நமக்குச் சேதம். இது எஞ்சின் நின்னுபோன படகு. ஆடுற விதத்துலேயே கண்டுபிடிச்சிடும். இதால நமக்கு ஒரு ஆபத்தும் இல்ல. காட்டினா ஒண்ணுதான் நடக்கும், நாம நிறுத்துவோம். போய்ச் சேர நேரமாகும். அதான் காட்டல."

"அப்படிச் செய்யணும்னு யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல." அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டு வருஷம் முன்னாடி எல்லாக் கப்பல்லயும் ஒரே புகார். கரைக்குப் பக்கத்துல வந்தா ஆயிரம் படகு, ஆயிரம் தடவை அலாரம். ஆபீசருங்க வெறுத்துப்போய் அலாரத்தையே அணைச்சு வச்சாங்க. அதுக்காக ஒரு வசதி வந்துச்சு. எது தேவை, எது தேவையில்லன்னு உங்ககிட்ட இருந்தே கத்துக்கும். ஒரு புள்ளியைத் தொட்டு 'வேண்டாம்'னு சொன்னீங்கன்னா, அந்த மாதிரிப் புள்ளியை அடுத்த தடவை யோசிச்சுத்தான் காட்டும். கப்பல் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தா, தான் செஞ்சது சரின்னு வச்சுக்கும். ஒரு கப்பல் கத்துக்கிட்டதை மத்த எல்லாக் கப்பலுக்கும் சொல்லும். அறுபத்திரண்டு கப்பல்ல அந்த வசதியைப் போட்டுவிட்டது நான்தான்."

வேதரத்தினம் கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஐம்பத்தாறு வயது மனிதர் அந்த நிமிடத்தில் இன்னும் வயதானவராகத் தெரிந்தார்.

"முந்தின வருஷம்" என்று ஆரம்பித்தார். "ஒரு படகு மிதந்துச்சு. ஒன்பது மணி நேரம் வழி மாறிப் போனேன். போய்ப் பார்த்தா காலிப் படகு. வலை மட்டும் கிடந்தது. ஏன் தாமதம்னு ஹெட் ஆபீஸ்ல இருந்து மூணு தடவை விளக்கம் கேட்டாங்க. அடுத்த மாசம் இன்னொரு புள்ளி அதே மாதிரி மிதந்துச்சு. அது மேல விரலை வச்சேன். வேண்டாம்னு போட்டேன்." அவர் நிமிர்ந்தார். "ஒரே ஒரு தடவை மேடம்."

"எல்லாக் கப்பல்லயும் ஆளுக்கு ஒரு தடவை போட்டிருப்பாங்க சார். கம்ப்யூட்டருக்கு அது போதும்."

பிறகு கேப்டன் குரலைத் தாழ்த்தினார்.

"யோசிச்சுப் பாருங்க. இதை வெளிய சொன்னா, உதவி கேட்ட படகைத் தாண்டி வந்த கேப்டன் நான். விசாரணை, லைசென்ஸ், எல்லாம் வரும். நீங்க வேலையில இருக்க மாட்டீங்க. சர்டிஃபிகேட் எழுதிட்டீங்கன்னா மொகுதூம் ரெண்டு மாசம் வீட்ல இருப்பான், அப்புறம் வேற கப்பல். யாருக்கும் கெடுதல் இல்ல."

"படுத்திருந்தார்னு சொன்னேனே சார்" என்றான் மொகுதூம். "ஒருத்தர் படுத்திருந்தார்."

ரெக்ஸ்லின் கேப்டனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அட்டை அவள் சட்டைப் பையில் இருந்தது. ஏஜென்ட் போட் இன்னும் அரை மணி நேரத்தில் வந்துவிடும். அதில் ஏறிக் கரைக்குப் போய் யாரிடம் கொடுப்பது, அதற்குள் எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டாள். பக்கத்திலிருக்கும் ஆளை நம்பாமல் இப்படிக் கணக்குப் போட வேண்டியிருப்பது அவளுக்கே பிடிக்கவில்லை.

வேதரத்தினம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று பத்து.

"இப்ப எங்க இருக்கும்?"

மொகுதூம் ஏற்கெனவே பென்சிலை எடுத்திருந்தான். "நேத்து பார்த்த இடம் இங்க இருந்து அறுபத்தஞ்சு மைல். இருபது மணி நேரம் மிதந்திருக்கும். வடக்கே பத்து மைல் வந்திருக்கலாம் சார். அஞ்சு மணி நேரத்துல போய்ச் சேரலாம். ஆறேகாலுக்கு இருட்டிடும்."

கேப்டன் ரேடியோவை எடுத்துக் கடலோரக் காவல்படையின் மீட்பு மையத்தைக் கூப்பிட்டார். ஒரு பெண் அதிகாரி பேசினார். தங்கள் படகு அந்த இடத்துக்குப் போக எட்டு மணி நேரமாகும் என்றார். "நீங்க எப்ப பார்த்தீங்க கேப்டன்?" என்று கேட்டார்.

"நேத்து சாயங்காலம் மூணு நாப்பத்தொண்ணுக்கு."

"இப்பத்தான் சொல்றீங்களா?"

"ஆமா. இப்பத்தான் சொல்றேன். நானே போறேன்" என்று ரேடியோவை வைத்துவிட்டு, நங்கூரத்தை எடுக்க உத்தரவு கொடுத்தார்.

நிலக்கரி நிரம்பிய கப்பல் திரும்பவே அரை மணி நேரம் பிடித்தது. ரெக்ஸ்லின் இறங்கவில்லை. கௌரிசங்கர் ஒன்பது தடவை போன் செய்தார். கரை மறைந்து சிக்னல் போகும்வரை அது அவள் பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது.

நாலே முக்காலுக்கு மொகுதூம் குறித்த இடத்துக்கு வந்தார்கள். தேடும்போது கப்பல் தானாக ஓடக்கூடாது என்று கேப்டன் ஸ்டீரிங்கைக் கைக்கு மாற்றச் சொன்னார். சமையல்காரரிலிருந்து எஞ்சின் அறை ஆட்கள் வரை பதினேழு பேரையும் மேலே வரவழைத்து, சுற்றிலும் ஆளுக்கொரு பக்கம் நிறுத்தினார். கடல் சாம்பல் நிறமாகக் கிடந்தது. திரையில் ஒன்றும் இல்லை.

ரெக்ஸ்லின் ஒரு விஷயத்தைக் கவனித்தாள். உள்ளே நின்ற எவரும் ஜன்னலில் ஒரு நிமிடத்துக்கு மேல் பார்க்கவில்லை. கடலைப் பார்ப்பார்கள், உடனே திரும்பித் திரையைப் பார்ப்பார்கள். அங்கே இல்லை என்று தெரிந்ததும் தோள் தளரும். மொகுதூமும் அப்படித்தான் செய்தான். அந்தத் திரையைப் பற்றி முழுதும் தெரிந்த அவளும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள்.

கேப்டனும் கவனித்திருக்க வேண்டும். "என் கண்ணே போய் அதுகிட்ட கேட்டுட்டு வருது" என்று முணுமுணுத்தார். தன் அறைக்குப் போய்ப் படுக்கை விரிப்புகளைக் கொண்டுவந்து மூன்று திரைகளையும் மூடிக் கட்டினார். "இனிமே எல்லாரும் வெளியே பாருங்க" என்றார்.

ஐந்து முப்பத்தைந்துக்கு, எஞ்சின் அறையில் எண்ணெய் போடும் ஒருவர்தான் முதலில் பார்த்தார். கடலை அதிகம் பார்த்தே பழக்கமில்லாத மனிதர். அது படகுதானா என்று தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார். நீல ஃபைபர் படகு, மூன்று மைலுக்குள் இருந்தது.

கயிறு போட்டு மேலே ஏற்றியபோது மூன்று பேர்தான் உயிரோடு இருந்தார்கள். நான்காவது ஆளைப் பிளாஸ்டிக் பாயில் சுற்றி, அவிழாமல் வலைக்கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். மூத்தவர் பெயர் ததேயு, பெரியதாழைக்காரர். உதடு வெடித்து ரத்தம் உறைந்திருந்தது. தண்ணீரை மெல்ல மெல்லத்தான் குடிக்க வேண்டும் என்று சமையல்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மடக்காகக் கொடுத்தார்.

மொகுதூம் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தான். "அவர் எப்ப..." என்று ஆரம்பித்துப் பாயைப் பார்த்தான்.

"என் மச்சினன். இன்னைக்கு விடியும்போது." ததேயு பாயைப் பார்க்காமல் சொன்னார். "நேத்து சாயங்காலம் வரைக்கும் பேசினான்."

கேப்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார். கிட்டே வரவில்லை.

"நான்தான் நேத்து உங்களைப் பார்த்தேன்" என்றான் மொகுதூம். "நிறுத்த முடியல. என்னை மன்னிச்சிருங்க."

ததேயு அவனை நிமிர்ந்து பார்த்தார். "நீங்களாச்சும் திரும்பி வந்தீங்களே தம்பி. ஆறு நாள்ல உங்களுக்கு முன்னாடி அஞ்சு கப்பல் பார்த்தோம். எல்லாம் நேரா எங்களைப் பார்த்துத்தான் வரும். இந்தா வந்துட்டான்னு எந்திரிச்சு நிப்போம். நாங்க நிக்கிறது அவனுக்குத் தெரியுற மாதிரி தூரம் வர்றதுக்கு முன்னாடியே மெதுவா ஒதுங்கிப் போயிருவான். அஞ்சு பேரும் அப்படியேதான். உங்க கப்பல் ஒண்ணுதான் ஒதுங்காம கிட்ட வந்துச்சு."

ரெக்ஸ்லின் அவர் பக்கம் குனிந்தாள். "ஒதுங்கினாங்கன்னா? கப்பலைத் திருப்பினாங்களா?"

"கொஞ்சமாத்தாம்மா. கடல்ல பொழங்குனவனுக்குத்தான் தெரியும்."

அவள் மேலே ஓடினாள். விரிப்பை விலக்காமல், கப்பல் போன இடத்தை மட்டும் தனியாகக் குறித்து வைக்கும் ஜிபிஎஸ் கருவியிலிருந்து நான்கு மாதக் கணக்கை எடுத்தாள். நிலைக்கண்ணோடு சேராத பழைய கருவி அது. மொகுதூமும் வந்துவிட்டான். அவள் எண்களைச் சொல்லச் சொல்ல, அவன் காகித வரைபடத்தில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தான். போட்ட பாதையில் நேராகத்தான் கப்பல் போயிருந்தது. ஆனால் அங்கங்கே அந்தக் கோடு கொஞ்சம் வெளியே வளைந்து, இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பப் பாதைக்கு வந்தது. வளைந்த இடங்களில் பாறை இல்லை, மேடு இல்லை.

கேப்டன் வந்து குனிந்து பார்த்தார். "அங்க எதிர்ல கப்பல் வந்திருக்கும். விலகியிருக்கும்."

"பதிவுப் பெட்டியில பார்த்துட்டேன் சார். இந்த நேரத்துல எல்லாம் திரை காலியாத்தான் இருக்கு" என்றாள் ரெக்ஸ்லின். "பாதையைத் திருத்துறதும் அதே கம்ப்யூட்டர்தான். ரேடார் பன்னிரண்டு மைல்லயே படகைப் பிடிச்சிடும். மனுஷக் கண்ணுக்கு நாலு மைல்லதான் தெரியும். இந்த வளைவெல்லாம் எவ்வளவு தள்ளிப் போகுதுன்னு அளந்து பாருங்க."

மொகுதூம் அளந்தான். "எல்லாம் அஞ்சு மைல் விலகுற மாதிரி இருக்கு."

"திரையில மறைச்சாலும் யாராவது ஒருத்தர் ஜன்னல்ல பார்த்துடுவாங்க. அப்பவும் கப்பல் நிக்கும். அதனால ஜன்னலுக்கும் தெரியாத தூரத்துல கொண்டுபோயிருக்கு. நேத்து வலப்பக்கம் எண்ணெய்க் கப்பல் வந்துட்டிருந்ததால ஒதுங்க இடமில்ல. இல்லைன்னா மொகுதூம் என்னதான் வெளிய நின்னாலும் எதையும் பார்த்திருக்க மாட்டார்."

இது கௌரிசங்கருக்குத் தெரிந்திருக்குமா என்று அவள் யோசித்தாள். திரை மறைப்பது அவருக்குத் தெரியும். கப்பலே ஒதுங்குவது தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் இருக்கலாம். இனி அவர் எதைச் சொன்னாலும் அவளால் நம்ப முடியாது. கரைக்குப் போனதும் அட்டையை யாரிடம் கொடுப்பது என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமில்லை; மீட்பு மையத்துக்குத்தான், கூரியரில் அது போகப்போவதில்லை.

வேதரத்தினம் வளைவுகளைப் பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டார். ஏழு இருந்தன. ஒவ்வொன்றிலும் விரலை வைத்து, பக்கத்தில் மொகுதூம் எழுதியிருந்த தேதியை உதட்டுக்குள் படித்தார். பிறகு ரேடியோவை எடுத்தார்.

காலையில் பேசிய அதே பெண் அதிகாரிதான் வந்தார். மூன்று பேர் உயிரோடு, ஒருவர் இறந்துவிட்டார் என்பதைக் கேப்டன் சொன்னார். அவர் குறித்துக்கொண்டு, "நன்றி கேப்டன். வேற ஏதாவது?" என்றார்.

"இருக்கு. சில இடங்களைச் சொல்றேன். தேதியோட எழுதிக்கங்க. ஒவ்வொரு இடத்துல இருந்தும் அஞ்சு மைலுக்குள்ள அன்னைக்கு எஞ்சின் நின்ன படகு ஒண்ணு மிதந்திருக்கணும். ஆள் இருந்திருக்கலாம். நாங்க பார்க்கல."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "சொல்லுங்க."

அவர் முதலாவதைச் சொன்னார். அங்கே எழுதினார்கள். இரண்டாவதைச் சொன்னார். மூன்றாவது இடத்தைச் சொல்லி, "ஆகஸ்ட் பத்தொன்பது, சாயங்காலம் நாலு பத்து" என்றார்.

ரேடியோவில் இரைச்சல் மட்டும் வந்தது. காகிதங்களைப் புரட்டுவது போல ஒரு சத்தம். வெளியே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. மொகுதூம் பென்சிலைக் கையில் வைத்தபடி அசையாமல் நின்றான்.

"கேப்டன், அந்தத் தேதியை இன்னொரு தடவை சொல்லுங்க." குரல் மாறியிருந்தது.

"ஆகஸ்ட் பத்தொன்பது."

"அன்னைக்குக் காணாமப்போன படகு ஒண்ணு எங்க பட்டியல்ல இருக்கு. இன்னும் கிடைக்கல" என்றார். மறுபடியும் காகிதம் புரளும் சத்தம்.

"இன்னும் எத்தனை இடம் இருக்கு?"

வேதரத்தினம் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு, விரிப்பு போர்த்தியிருந்த திரைகளைப் பார்த்தார்.

"எங்க கப்பல்ல மட்டும் இன்னும் நாலு" என்றார்.